அப்பா ஜீப்புக்குப் போட்ட பெரிய டயர்

மழையில் நனைந்த பழைய டயருக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணும் ரப்பரும் எண்ணெயும் கலந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம் முழுவதும், இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டின் "இஸ்தோப்பு" அந்த வாசத்தில்தான் கிடந்தது. வாசல் பக்கம் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் நான்கு டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால், வீட்டுக்குள் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். அடுப்படியில் என்ன தாளித்தாலும் எடுபடாது. இப்போதும் பதுளை டவுனில் டயர் கடை வாசலைக் கடந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்பா தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். அவருக்குச் சொந்தமாக ஒரு ஜீப்பும் இருந்தது. சொந்த ஜீப் என்றதும் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக யுத்தத்துக்காக வந்து, யுத்தம் முடிந்ததும் ஒரு துரையிடம் போய்ச் சேர்ந்து, அவர் சீமைக்குப் புறப்பட்டபோது தேயிலை ஆலையான "ஸ்டோரு"க்குப் பின்னால் கோழி முட்டையிட விட்டுப்போன வண்டி அது. அப்பா அதை எடுத்து, மாதக்கணக்கில் அதற்கு அடியிலேயே படுத்துக்கிடந்து, ஒருவழியாக ஓடவைத்தார். மேலே தார்ப்பாய், கதவு கிடையாது, கை பிரேக் பேருக்குத்தான். ஆனாலும் சுற்றுவட்டத்து லயங்களில் நோய் என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் அந்த ஜீப்தான். தோட்டத்து லொறி கொழுந்துக்கு ஓடும், உரத்துக்கு ஓடும், ஆளுக்கு ஓடாது.

எங்கள் தோட்டம் பள்ளத்தில் கிடந்தது. வளைந்து வளைந்து மேலே ஏறி மெயின் ரோட்டைப் பிடித்தால்தான் பசறைக்கும் பதுளைக்கும் போகமுடியும். அந்த மண்ரோட்டில் கொழுந்து லொறி ஓடி ஓடி, அதன் சக்கரத் தடம் இரண்டு பக்கமும் வாய்க்கால்போல இறங்கிப்போய், நடுவில் ஒரு வரப்பு எழும்பி நின்றது. லொறி உயரமான வண்டி, அதற்குக் கவலையில்லை. ஜீப்பின் சின்னச் சக்கரம் தடத்துக்குள் இறங்கினால் அடிப்பாகம் வரப்பில் உட்கார்ந்துவிடும், சக்கரம் நான்கும் அந்தரத்தில் சுற்றும். இதற்கு எங்கள் ஆட்கள் "வயிறு தட்டுது" என்பார்கள்.

அதனால் ஜீப் தனியாகப் போனதே இல்லை. நோயாளியை ஏற்றியதும் லயத்து ஆண்கள் நாலைந்து பேர் யாரும் கூப்பிடாமலே வந்து பின்னால் தொற்றிக்கொள்வார்கள். வயிறு தட்டினால் குதித்து, "ஏலே, தூக்கு!" என்று வண்டியைத் தோளால் தூக்கி நகர்த்திவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். "ஜீப்புக்கு ஆள் போறது" என்று இதற்குப் பெயர். பசறையில் அவர்களுக்கு அப்பா தேத்தண்ணியும் பனிஸும் வாங்கிக்கொடுப்பார். ஆனால் அவர்களுக்கு அன்றைய சம்பளத்தில் பாதி, "அரைப்பேர்", போய்விடும். அது அப்பாவுக்குப் பெரிய உறுத்தல். "என் வண்டியால மத்தவன் வீட்டு அடுப்பு அணையுது" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவார்.

முந்தின வருஷம் கார்த்திகை அடைமழையில் என் அக்காவுக்கு வலி வந்தது. அவளுக்குத் தலைப்பிள்ளை. ஆட்கள் கூடவே போனார்கள், ஆனால் சேறு அன்றைக்கு யாருக்கும் மசியவில்லை. மேட்டு வளைவுகளுக்கு முன்னால் ஓர் இடத்தில் வரப்பில் உட்கார்ந்த வண்டியைத் தூக்கத் தூக்க, தூக்கினவர்கள் முழங்கால்வரை புதைந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டிருந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்பா மட்டும் அதற்குப் பிறகு வீட்டில் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டார்.

அக்கா மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அப்பா கவ்வாத்தில் வெட்டிப்போட்ட ஒரு தேயிலைக் குச்சியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். வண்டி உட்கார்ந்த அதே வரப்பின் உயரத்துக்கு, அடியில் தொங்குகிற இரும்புக்கும் ஒரு சாண் சேர்த்து, குச்சியை நறுக்கிக்கொண்டு வந்தார். டயரை நிமிர்த்தினால் அதன் நடுமையம் இந்தக் குச்சியின் உச்சிக்கு மேலே நிற்கவேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

எனக்கு அப்போது கடைவாய்ப்பல் சூத்தை. பல் பிடுங்கப் பதுளைக்குக் கூட்டிப்போன கையோடு, அப்பா டயர் கடைக்கும் போனார். நாங்கள் "நானா" என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்திய கடை அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். பாண் ரொட்டிக்கே விடியற்காலையில் வரிசையில் நிற்கவேண்டும், புது டயருக்கு எங்கே போவது? பழையதைத்தான் பொறுக்கி எடுக்கவேண்டும். நானா மூன்று டயர்களைச் சுவரில் சாத்திவைத்தார்.

"இது ஆறு. ஒங்கட வண்டிட சைசு இதுதான். இது ஆறரை, கொஞ்சம் ஒசரம். அந்தா ஈக்கிறது ஏழரை, லேண்ட்ரோவருக்குப் போடுறது."

அப்பா குச்சியை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறுத்திப் பார்த்தார். ஆறின் மையம் குச்சிக்குக் கீழே நின்றது. ஆறரை குச்சியின் உச்சியை உரசிக்கொண்டு நின்றது. ஏழரை நன்றாகவே தாண்டி நின்றது. நான் கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பார்த்திருந்தேன். அப்பா ஏழரைமேல் கையை வைத்தார்.

"அண்ணே, ஆறரை போதும்," என்றார் நானா. "ஏழரையெப் போட்டா ஸ்டேரிங்கெ முழுசா ஒடிக்க ஏலாது, டயர் போய் உள்ளுக்குத் தேயும். ஏத்தத்துல இழுவையும் கொறையும். ஒங்கட குச்சி வரப்பெப் பத்தித்தான் செல்லுது. வளைவெப் பத்தி ஒண்டும் செல்லல்லயே."

"வளைவுல நின்னு ரிவேர்ஸ் எடுத்துத் திருப்பிக்கலாம் நானா. வரப்புல நின்னா திருப்ப முடியாது. நின்னுதான் ஒண்ணைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கேன்."

நானா உள்ளே போனார். ஏழரையில் நான்கைத் தேடித் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். இருவர் சொன்னதும் சரிதான். இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்தாலும் எனக்கு யாரையும் பிழை சொல்லத் தோன்றவில்லை.

பஸ் கூரையில் ஏறி வந்த டயர்களைப் பார்த்ததும் அம்மா தலையில் கை வைத்தாள். "ஊருல எல்லாருக்கும் ஏழரை தானா வந்து பிடிக்கும். இந்த மனுசன் பஸ்ஸுல ஏத்திக் கொண்டாந்திருக்காரு!" ஆயுத பூசைக்குத்தான் மாட்டுவது என்று அப்பா பிடிவாதமாக இருந்ததால்தான் அவை ஒரு மாதம் இஸ்தோப்பில் கிடந்தன. டயர் உரசும் இடங்களில் மட்காட்டின் ஓரத்தை அப்பாவே இரும்பறுக்கும் வாள் வைத்து அறுத்தார். பூசையன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தபோது பழங்கள் நசுங்கின சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். ஜீப் லொறிக்குத் தம்பிபோல நிமிர்ந்து நின்றது.

அன்றைக்கே வெள்ளோட்டம். லயத்து ஆண்கள் பின்னால் நிரம்பி வழிய, ஜீப் அந்த வரப்பைச் சட்டைசெய்யாமல் தாண்டிப்போனது. மேட்டு வளைவுகளில் மட்டும் ஒரே வெட்டில் திரும்பவில்லை. முன்னே போய், கொஞ்சம் பின்னே எடுத்து, மறுபடி முன்னே போகவேண்டும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளுமே, அதனால் யாராவது ஒருவர் குதித்துப் பின்சக்கரத்துக்கு அண்டையாக ஒரு கல்லைப் போட்டுவிட்டு, வண்டி கிளம்பியதும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறுவார். சிரிப்பும் கூத்துமாக நடந்தது. அதை யாரும் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. அப்பாவும் நினைக்கவில்லை, அங்கேதான் கோட்டைவிட்டார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்தது. மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. ஸ்டோரில் வேலையாக இருந்த அக்காவின் புருஷன் ஓடிவந்தார், பக்கத்து மலையிலிருந்து இன்னும் சிலரும் வந்தார்கள். அப்பா அத்தனை பேரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். "வேலைக்குப் போங்கப்பா. இன்னும் எத்தனை நாளைக்கு என்னால அரைப்பேர் போகணும்? மாப்புள, நீங்களும் போங்க. வண்டி இப்ப தனியாவே போகும்." அவர் முகத்தில் ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்த சந்தோஷம் அது. ஆட்கள் ஏறாததால் பின்னால் இடம் இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன், யாரும் இறங்கச் சொல்லவில்லை.

வரப்பு இருந்த இடத்தை ஜீப் அலட்சியமாகத் தாண்டியது. அம்மா முருகா முருகா என்றாள். அக்கா வலியிலும் அப்பாவின் முதுகைத் தொட்டு, "தாண்டிட்டோமாப்பா?" என்று கேட்டாள். "தாண்டிட்டோம் ஆயி," என்றார் அப்பா.

முதல் வளைவில் வண்டி நின்றது. பின்னே எடுக்கவேண்டும். அப்பா பழக்கத்தில், "கல்லப் போடுங்கடா!" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வண்டியில் நாங்கள் மூன்று பெண்கள்தான் இருந்தோம். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை. அம்மாதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் கல்லைத் தேடினாள். அந்த வளைவு தப்பித்தது, அடுத்ததும் தப்பித்தது. அதற்கடுத்த வளைவில் ஈர மண்ணில் கல் வழுக்கியது. வண்டி மெதுவாக, கேட்பாரில்லாமல் பின்னால் உருண்டு, மலையோரத்துக் "கானு"க்குள், தண்ணீர் ஓடும் அந்தக் குழிக்குள், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய டயர் சேற்றை வாரி வாரி எங்கள்மேல் அடித்தது. வண்டி அசையவில்லை. அப்பா ஸ்டேரிங்கை விட்டு இறங்கி, தனியாளாக அந்த ஜீப்பைத் தோளால் தூக்கப் பார்த்தார். பாவி மனுஷர், தூக்கிக்கொண்டே அழுதார்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. இறங்கி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே போன குறுக்குப் படியில் நடக்கத் தொடங்கினாள். கீழே வேறொரு தோட்டத்து லயம் இருந்தது, கூரையில் புகை தெரிந்தது. அங்கே முன்பின் தெரியாத ஒரு வீட்டின் "காம்பரா" அறையில், அடுப்புப் பக்கத்தில் சாக்கு விரித்துப் போட்ட இடத்தில், அக்காவுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை கத்தின சத்தம் மேலே ரோட்டில் நின்ற அப்பாவுக்குக் கேட்டதாம். ஆனால் அக்காவுக்கு உதிரம் நிற்கவில்லை. அந்த லயத்து ஆண்கள் கம்பளியோடு ஓடிவந்து, ஜீப்பை ஒரே மூச்சில் கானிலிருந்து தூக்கி ரோட்டில் வைத்தார்கள். ஒருவர் அப்பாவைத் திட்டினார். "இத்தனை பேர் கைக்கெட்டுற தூரத்துல இருக்கோம். ஒரு குரல் குடுக்கக் கூடாதாண்ணே? ஜீப்பு வருதுன்னா நாங்களே வந்து நிப்போமே. இப்பத்தான் தனியாப் போகுதுன்னு சொன்னாங்க, அதான் யாரும் எட்டிப்பாக்கல." அவர்களே தொற்றிக்கொண்டு பதுளைவரை வந்தார்கள். அக்கா பிழைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

அப்பா அந்த டயர்களைக் கழற்றவில்லை. ஆனால் ஆள் ஏறாமல் வண்டியை எடுத்ததும் இல்லை. பிறகு, இரண்டு நாட்டு ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போகிற காலம் வந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டியைக் கட்டி, பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலைப் பிடித்துப் போனார்கள். அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டதும் அந்த ஜீப்தான். ஒவ்வொரு பயணத்திலும் தொற்றி வருகிற ஆட்கள் குறைந்தார்கள். ஒருநாள் அக்காவின் முறையும் வந்தது. சாமான்களோடு அவள் புருஷன் முதல் நாளே பதுளைக்குப் போயிருந்தார். வண்டியில் ஏற லயத்தில் ஆம்பிளை என்று யாரும் மிச்சமில்லை. வளைவில் கல் வைக்க நான் எழுந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் போட்டாள். "நீ இரு. இன்னைக்கு நான் வைக்கிறேன். நாளையிலேருந்து நீங்கதான வைக்கணும்," என்று சொல்லி இறங்கினாள். தன்னைக் கொண்டுபோகிற வண்டிக்குத் தானே கல் வைத்து, தானே எடுத்துப்போட்டு, சேற்றுக் கையைச் சேலை ஓரத்தில் துடைக்காமல் தேயிலை இலையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். கொஞ்ச நாளில் ஜீப் நின்றுபோனது. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, டயரும் இருந்தது. கூடப் போக ஆள்தான் இல்லை.

அக்கா இப்போது இல்லை. போன வருஷம் அவள் மகள் கோத்தகிரியிலிருந்து வந்து, "சித்தி, நான் பொறந்த எடத்தைக் காட்டுங்க," என்று நின்றாள். எனக்கு முழங்கால் வலி, அலுப்பு, போகவே மனமில்லை. ஆனாலும் ஆட்டோ பிடித்துப் போனோம். ரோட்டுக்கு இப்போது தார் போட்டிருக்கிறார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பையன் ஒரு கையால் அந்த வளைவைத் திருப்பிவிட்டான். நான் நிறுத்தச் சொல்வதற்குள் தாண்டிவிட்டோம், இறங்கிப் பின்னால் நடந்து வரவேண்டியதாயிற்று. கீழே லயம் இல்லை. தேயிலையும் இல்லை. ஆளுயரத்துக்கு மானாப்புல். அவள் ஃபோனைத் தூக்கிப் பிடித்து நாலாபக்கமும் பார்த்தாள்.

"இங்க யாருமே இல்லையே சித்தி. அம்மா எப்படி இந்தக் காட்டுல...?"

"இருந்தாங்கடி," என்றேன். "ஒரு குரல் குடுத்தா வர்ற தூரத்துல எல்லாரும் இருந்தாங்க. அன்னைக்கு நாங்கதான் யாரும் வேணாம்னுட்டு வந்தோம்."