நாற்பத்தொரு பேர் தொட்ட ஷூ

கண்ணையன் மறுபடியும் அழுதான். ஃபோன் திரையில் அவன் கண்ணிலிருந்து நீலச் சொட்டு ஒன்று விழுந்தது. கதை முதல் படத்துக்குப் போய்விட்டது.

"இவன் இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் அழுவுறான்? பொண்டாட்டி அடிக்கிறாளா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"நீங்க தப்பான இடத்தத் தொட்டா அழுவான் அக்கா," என்றாள் சூர்யகலா. கண்ணையனை வரைந்தவள் அவள்தான்.

திண்டிவனத்தை அடுத்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் எண்ணெய் ஆட்டும் மில் ஒன்றின் வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம். கிருஷ்ணவேணி பன்னிரண்டு வருஷமாக அங்கே மிஷினில் பருப்பு கொட்டுகிறவள். சூர்யகலா காலையில்தான் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். அங்கே ஒரு மாடி அறையில் ஆறு பேர் சேர்ந்து, தொழிலாளர்கள் ஃபோனில் படிக்கிற பாடங்களைப் படக்கதையாகச் செய்கிறார்கள். கதாநாயகன் என்ன செய்ய வேண்டும் என்று படிப்பவர் தொட்டுச் சொன்னால், கதை அந்தப் பக்கம் போகும்.

மில்லுக்கான பாதுகாப்புப் பாடத்தில் நான்காவது படம்: ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கண்ணையன். கழுத்தில் துண்டு தொங்குகிறது. கேள்வி: கண்ணையன் செய்யும் தவறைத் தொடுங்கள். விடை, பெல்ட்டில் சிக்கக்கூடிய அந்தத் துண்டு. மில்லில் நாற்பத்தொரு பேரும் அவன் ஷூவைத் தொட்டிருந்தார்கள்.

"ஒருத்தர் தப்பு பண்ணா அவர் தப்பு. நாப்பத்தொரு பேரு பண்ணா உன் தப்பு," என்று நிறுவனத்தை நடத்தும் அருணா சொல்லிவிட்டாள். சூர்யகலாவின் மூன்று மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இந்தப் பாடத்தில் ஆட்கள் தேற வேண்டும். இல்லையென்றால் கண்டமங்கலத்தில் பழைய ஃபிளெக்ஸ் கடை. ஆறு வருஷம் அங்கே மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. எல்லாரையும் ஒரு சுற்று சிவப்பாக்க வேண்டும், செத்தவரையும் சிரிக்க வைக்க வேண்டும். கண்ணையனும் மிஷின் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்பதுபோலத்தான் நின்றான்.

அன்று புதன். துண்டு சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து, பெரிய சிவப்புத் துண்டாக மாற்றி வரைந்து கொண்டுவந்திருந்தாள். கிருஷ்ணவேணி அதைப் பார்த்தாள். ஷூவைத் தொட்டாள்.

"துண்டு தெரியலையா அக்கா?"

"மாப்ள துண்டு மாதிரி நல்லாவே தெரியுது. உள்ள வா, காட்டறேன். செருப்ப அவுத்துட்டு வா."

கதவோரம் கம்பெனி கொடுத்த ஷூக்கள் வரிசையாக இருந்தன, தூசி படிந்து. உள்ளே எல்லாரும் வெறுங்காலோடு. மிஷினுக்கு மேலே அங்காளம்மன் படம், அன்றைய பூவோடு.

"அம்மா இருக்கா. ஷூ போட்டுக்கினு நிப்பியா நீ?"

"என் படத்துல அம்மா இல்லியே அக்கா."

"மிஷின் இருக்கு இல்ல."

தரையெல்லாம் எண்ணெய். சூர்யகலாவுக்குக் கால் வழுக்கியது. கிருஷ்ணவேணி முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். மேனேஜர் ஆனந்தராஜ் வந்தார்.

"சேஃப்டி ஆடிட்டர் வந்தா ஷூவ மாட்டிப்பாங்க. அவரு கார் எடுத்ததும் அவுத்துடுவாங்க. சொல்லிச் சொல்லி பேஜாராயிட்டேன்."

"அம்மன் படத்த வாசல்ல மாட்டிட்டா சார்?" என்றாள் சூர்யகலா.

"நீங்களே எடுத்து மாட்டுங்க," என்றாள் கிருஷ்ணவேணி அவரைப் பார்த்து. ஆனந்தராஜுக்கு உடனே ஃபோன் வந்துவிட்டது. மணி அடித்ததாகத் தெரியவில்லை.

அலமாரியில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதில் உலர்ந்த குங்குமப் பொட்டு.

"ஆயுத பூஜைக்கு வெச்சது. ஸ்பேனரு, தராசு, எல்லாத்துக்கும் வெப்போம்."

"ஷூவுக்கு?"

"ரோட்டுல, கக்கூசுல மிதிச்சுட்டு வர்றதுக்கா?"

"வெளிய போகாத ஷூ அக்கா. கழுவி இங்கயே வெச்சுடணும். இங்கயே போட்டு இங்கயே கழட்டணும்."

கிருஷ்ணவேணி ஒரு மூட்டைப் பருப்பைக் கொட்டி முடித்தாள்.

"கழுவி, ஸ்பேனரு பக்கத்துல வெச்சு, பொட்டும் வெச்சுட்டா அது செருப்பு இல்ல. சாமான்," என்றாள். "இவளுங்ககிட்ட நான் சொல்றேன். அம்மாகிட்ட நீ சொல்லிடு."

சூர்யகலா அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மூட்டைமேல் உட்கார்ந்து வரைந்தாள். கண்ணையன் ஷூவைக் கழுவுகிறான். பொட்டு வைக்கிறான். மாட்டிக்கொள்கிறான். தவறென்று சொல்லத் துண்டு மட்டும் கழுத்தில் மிச்சம்.

"வெயில்ல நிக்கிறவன் மாதிரியே இல்லியே," என்றாள் கிருஷ்ணவேணி. சூர்யகலா அவனைக் கொஞ்சம் கறுப்பாக்கினாள்.

அருணா ஃபோனில் கேட்டாள்: "ஷூவுல பொட்டா? ஆடிட்டர் என்ன சொல்வாரு?"

"கால்ல இருக்கான்னுதான் பாப்பாரு மேடம்."

"சரி, அனுப்பு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புதிய பாடம் மில்லுக்குப் போனது. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பேர் தேறினார்கள். இரண்டு பேர் லீவு. கழுவிய ஷூக்கள் முப்பத்தாறு ஜோடி உள்ளே வந்துவிட்டன, மற்றவை இன்னும் கதவோரம் இருக்கின்றன என்று ஆனந்தராஜ் செய்தி அனுப்பினார். மூன்று மணிக்கு அருணா சூர்யகலாவின் வேலை உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த பாடம் மரக்காணம் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு, அம்மோனியா கசிவு பற்றி. சூர்யகலா பஸ் நேரம் விசாரித்துக் குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.