மாடு குரூப்பில் வந்த உளவாளி

எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புக்குப் பெயர் 'மாடு'. வீட்டு மாடு இல்லை, காட்டு மாடு. நாகலூரிலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து திடுதிப்பென்று வந்து நிற்கும். வண்டியில் போகிறவர்கள் பார்த்தவுடன் "கோயில் வளைவுல ரெண்டு நிக்குது" என்று குரூப்பில் போட வேண்டும். வேறெதுவும் போடக் கூடாது. குட் மார்னிங் கூடாது, சாமி படம் கூடாது. ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். பிறகு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், பால்காரர், வெளியூரிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டது. யார் யாரைச் சேர்த்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பாதிப் பேருக்குப் பெயரே இல்லை, வெறும் நம்பர்தான்.

இந்தச் சட்டத்தை மீறுகிற ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். தங்கமான மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. அதனாலேயே மற்றவர்கள் சொல்வதெல்லாம் நிஜம் என்று நம்பித் தொலைப்பார். எல்லையில் பதற்றம் என்று டி.வி.யில் சொல்ல ஆரம்பித்த வாரத்தில் அவருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. போனில் எது வந்தாலும் உடனே நாலு பக்கமும் தள்ளிவிடுவார்.

"ஏனுங்க, இது மாடு குரூப்புங்க" என்றால், "நாட்டுக்கு ஆபத்துன்னா மாட்டுக்கு மட்டும் இல்லையா புள்ள?" என்பார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது!

அன்று காலையில் பாலை அடுப்பில் வைத்திருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு சத்தம். பால் பொங்கியதைக்கூடப் பார்க்காமல் ஓடினேன். கண்ணாடிகூடப் போடாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வீடியோ. பனிமூட்டத்துக்குள் ஓர் உயரமான மரம். உச்சியில் பட்டாளத்து உடுப்பு போட்ட ஓர் ஆள். இடுப்பில் ஏதோ தொங்குகிறது, அங்கிருந்து ஒரு கயிறு கீழே போகிறது. முகம் தெளிவாகவே தெரிகிறது. பின்னால் ஒருவன் கரகரத்த குரலில் பேசுகிறான்: "சேர்வராயன் மலையில் ராணுவ உடையில் உளவாளி! வடக்கிலிருந்து கூலி வேலைக்கு வருவதுபோல் வருகிறார்கள். மரத்தில் கருவி கட்டுகிறான் பாருங்கள். இவனை எங்கே பார்த்தாலும் விடாதீர்கள்!"

"உசுரக் குடுத்துப் போட்ட உடுப்பு புள்ள அது! அதைப் போட்டுக்கிட்டு நம்ம மலைக்கே வந்திருக்கான் பாரு!" என்று கத்தினார். கத்துவதற்கு முன்னாலேயே குரூப்புக்கும் தள்ளிவிட்டிருந்தார், பட்டாளத்துக் கூட்டாளிகளுக்கும் தள்ளிவிட்டிருந்தார்.

நானும் முதலில் பயந்துதான் போனேன். இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தபோது கீழ் மூலையில் ஒரு துணிக்கொடி தெரிந்தது. கொடியில் மாம்பழ நிறத்தில் ஒரு நைட்டி. இடது தோளில் நான் பச்சை நூலால் தைத்த ஒட்டு.

நாட்டின் பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், என் நைட்டி ஊர் உலகமெல்லாம் போய்விட்டதே!

"ஏனுங்க, அந்த மரம் யாரு மரம்?"

"எந்த மரமா இருந்தா என்ன?"

"நம்ம கொல்லையில மொளகுக்கொடி படர்ந்து நிக்கற சில்வர் ஓக்குங்க. மேல இருக்கறது போன வாரம் நம்ம மொளகு பறிச்ச வடக்கத்தித் தம்பி. இடுப்புல தொங்கறது மொளகுச் சாக்கு. கயிறு, சாக்கை இறக்கறதுக்கு. அந்த உடுப்பு..."

முடிக்கவில்லை. அந்த உடுப்பு அவருடையதேதான். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறவன் குளிரில் நடுங்குகிறானே என்று, வேண்டாம் வேண்டாமென்றவனைப் பிடித்து இவரே மாட்டிவிட்டார். எதிர்ச்சரிவு லாட்ஜில் தங்க வந்த எவனோ தூரத்திலிருந்து ஜூம் பண்ணி எடுத்திருக்கிறான்.

மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை! எனக்கு வந்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தட்டுத்தடுமாறி குரூப்பில் அனுப்பியதை அழித்தார். மற்ற இடங்களில் அதற்குள் அது கால் முளைத்துப் போய்விட்டது.

அப்போதுதான் எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளிலிருந்து போன் வந்தது. அந்தத் தம்பியின் பக்கத்து வீட்டு அம்மா. அவன் பெண்சாதிக்கு நேற்றுச் சாயங்காலம் மாதம் நிறையாமலே வலி கண்டுவிட்டது. அவன் வேலையிலிருந்து திரும்புவதற்குள் ஆம்புலன்ஸில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலை முதல் பஸ்ஸில் இவன் போக வேண்டியது.

"லைன்ல எல்லாரும் அந்த வீடியோவைப் பாத்துட்டு அவனை வெளிய உட மாட்டேங்கறாங்கக்கா. பஸ்ல ஏறுனா அடிச்சே போட்டுருவாங்கங்கறாங்க. கதவைச் சாத்திக்கிட்டு அழுகறான்க்கா. அந்தப் புள்ள அங்க தனியாக் கெடக்குது. டாக்டரு ஒண்ணும் உறுதியாச் சொல்லலையாமா."

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பிரசவ வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள் என்று நானும் கிளம்பினேன். பிளாஸ்க்கில் வெந்நீர், பழைய வேட்டித் துணி கொஞ்சம், அவ்வளவுதான் எடுத்தேன்.

லைன் வீட்டு வாசலில் நின்று அவர் பட்டாளத்தில் கற்ற இந்தியில் கூப்பிட்டார். கதவு உடனே திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் தாழ்ப்பாள் அசைந்தது. அந்தத் தம்பி வெளியே வந்து அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஏற்காட்டில் சேலம் பஸ் மாறினோம். அவனை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் இவர் மீசையோடு காவலுக்கு உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். பஸ் கீழே இறங்கத் தொடங்கியதும் எதிர் வரிசையில் ஒருவர் போனைப் பார்ப்பதும் அந்தத் தம்பியைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் போனை நீட்டினார். அவரும் திரும்பிப் பார்த்தார். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், அது என் ராசி. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தைங்க அப்படிப் பாக்கறீங்க? அது எங்கூட்டு மரம். அந்தத் தம்பி எங்களுக்கு மொளகு பறிக்குது, இப்பப் பொண்டாட்டி பெரியாஸ்பத்திரியில கெடக்குதுன்னு ஓடிட்டிருக்குது. நம்பிக்கை இல்லீன்னா கீழ் மூலையில பாருங்க, தொங்கறது என்ற நைட்டி! ஒட்டுப் போட்டது தெரியுதா? உளவாளிக்கு எதுக்குங்க என்ற நைட்டி?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். அந்த ஆள் முகம் சுண்டிப்போய், "எனக்கு வந்துச்சுங்க, நான் ஆருக்கும் அனுப்பலீங்க" என்றார். அனுப்பியவர் முன் சீட்டில் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தார். அடுத்த வளைவில், போனை நீட்டிய அதே ஆள், "பொண்டாட்டிக்கு முடியலீங்களா தம்பி? ஒண்ணும் ஆவாதுங்க" என்று எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் என்னவாம்!

ஆஸ்பத்திரியில் நான் மட்டும் உள்ளே ஓடினேன். பெண் குழந்தை! பூனைக்குட்டி அளவுதான் இருந்தது, ஆனால் வார்டே அதிரும்படி அழுதது. தாயும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெளியே வந்து சொன்னபோது அந்தத் தம்பி என் காலில் விழப்போய் அவர் காலில் இடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான். நர்ஸம்மா கதவருகே கொண்டுவந்து காட்டியபோது குழந்தையின் விரலை மட்டும் தொட்டுப் பார்த்தான்.

பிறகு மூவரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடித்தோம். அப்போது எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் புரியக் கூடாது என்றுதான் இந்தி. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிட்டது.

அந்தத் தம்பி தமிழில் பதில் சொன்னான்.

"தெரியுங்கண்ணா. மாடு குரூப்புல நானும் இருக்கறேனுங்க. காலையில எனக்கே உங்க நம்பர்ல இருந்துதான் வந்துச்சு."

அவருக்கு இந்தியும் மறந்துபோனது. "தெரிஞ்சுமா கண்ணு என்றகூடப் பஸ் ஏறுனே?"

"ஏறாம? இந்த ஊர்ல எனக்கு வேற ஆரைங்கண்ணா தெரியும்?"

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னான், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் டீக்கடை பெஞ்சில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கும்படி அழுதார். நான் தேற்றவில்லை. நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.