இடப்பக்கமிருந்து பார்த்த ஓவியங்கள்

மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் உள்ள என் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு பித்தளைத் தகடு கிடக்கிறது. லண்டன் மாநகரின் பெரிய ஓவியக் கூடத்தில், வாசலில் குடையை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குத் தந்த அடையாளம் அது. குடை என்னுடையதன்று, என் அக்காவின் கணவராகிய அத்தானுடையது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் மெல்பேர்னில் ஒரே டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். உறவினர் ஒருவரின் திருமணத்திற்காக இருவரும் லண்டன் சென்றபோது, திரும்புவதற்கு முந்திய பிற்பகல் ஒன்றே எனக்கெனக் கிடைத்தது. அக்கூடத்தில் இருந்த ஒரு கடல் ஓவியத்தை நேரிற் காண்பது என் நெடுநாள் ஆசை. பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து அதன் படத்தை வெட்டியெடுத்து, என் வாடகை அறைச் சுவரில் ஆறு ஆண்டுகள் ஒட்டி வைத்திருந்தேன். இரவல் நூல்களின் துணையுடன் நானாகவே ஓவியம் பற்றிக் கற்கத் தொடங்கியது அந்தப் படத்தினாலேயே.

வாசலில் விசாரித்தேன். வலப்பக்கம் திரும்பினால் முதலாவது அறை என்றார்கள். அத்தானோ இடப்பக்கம் திரும்பினார்.

"அத்தான், நான் பாக்க வந்த படம் அந்தப் பக்கம்."

"இருக்கட்டும் தம்பி. உள்ளுக்கு வந்தால் இடப்பக்கத்தாலை துவங்கிச் சுத்தி வாறதுதான் முறை. மூலஸ்தானத்தைக் கடைசியாத்தானே பாக்கிறது."

கோயில் வீதியை வலம் வருவதுபோலவே அந்த மனிதர் ஓவியக் கூடத்தையும் வலம் வந்தார். ஒரு படத்தையும் விடவில்லை. ஒவ்வொன்றின் கீழும் இருந்த எழுத்தை விரலால் தொடாத குறையாகக் கூட்டி வாசித்து, ஒரு தீர்ப்பும் வழங்கினார். ஒரு பிரபுவைப் பார்த்து, "இவருக்கு ஈரல் வருத்தம், கண்ணைப் பார்" என்றார். போர்க்களம் ஒன்றின் முன்னே நெடுநேரம் நின்று, "படச்சட்டம் நல்ல பாரமாயிருக்கும்" என்றார். எதிரே வந்தவர்களெல்லாம் எங்களுக்காக ஒதுங்கி நடந்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அவரை விட்டுவிட்டுத் தனியே ஓடியிருக்கலாம். அக்காவின் கணவரை அந்நிய ஊரில், அரைகுறை ஆங்கிலத்துடன், நடுக்கூடத்தில் விட்டுச் செல்ல நான் வளர்க்கப்பட்ட முறை இடம் தரவில்லை.

கடைசிக்கு முந்திய அறையில் நின்றபோது மணி அடித்தது. காவலர் நாங்கள் போகவிருந்த அறையின் கதவைச் சாத்தத் தொடங்கினார். அத்தானின் முகம் அப்போதுதான் மாறியது. விரைந்து சென்று காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மெல்பேர்ன், சேர், மெல்பேர்ன்" என்று என்னைக் காட்டினார். காவலர் சிரித்தபடி சாவியை ஆட்டினார். மூடும் கதவின் இடைவெளியில் பொன்வண்ணச் சட்டத்தின் ஒரு மூலையும், ஒரு விரற்கடை அகலத்திற்குக் கரிய கடலும் தெரிந்தன. நான் கண்டது அவ்வளவே.

கோபத்தில் குடையை மறந்து மழைக்குள் இறங்கி நடந்தேன். பின்னால் நனைந்துகொண்டே வந்த அவரும் குடையைக் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "அடுத்த முறை நேரா அங்கை போவம்" என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன். தகடு சட்டைப் பையில் இருப்பதை விமானத்தில்தான் கண்டேன். அடுத்த முறை என்பது எங்கள் இருவருக்கும் வாய்க்கவில்லை. அத்தான் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பிற்பகலை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இறந்தவர் என்பதற்காக அது குறையவில்லை.

சென்ற மாதம் மகள் என்னை மெல்பேர்ன் ஓவியக் கூடத்திற்கு அழைத்துச் சென்றாள். கைபேசியில் அந்தக் கடலைப் பெரிதாக்கி, வேண்டிய மட்டும் பார்க்கும்படி தருபவளும் அவள்தான். வாசலில் நின்று, "லெஃப்டா ரைட்டா, அப்பா? கெதியாச் சொல்லுங்கோ" என்றாள்.

"இடப்பக்கம்" என்றேன். "ஒண்டும் விடாமல் பாக்க வேணும்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து, களிம்பேறியிருந்த தகட்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.