மாலையோடு நிற்க வைத்தேன்

என் மகளுடைய டான்ஸ் மிஸ்ஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் நடுநிலையாக எழுதவில்லை என்று யாரும் குறைபட வேண்டாம். சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியில் அவர் வகுப்பு நடத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்துப் பள்ளி மைதானத்தில், எந்த வயதானாலும் எப்படிப்பட்ட உடம்பானாலும் எல்லோரும் வந்து ஆடலாம் என்று ஒரு நடன விழாவும் நடத்துகிறார். நல்ல காரியம்தான். நல்ல காரியம் செய்கிறவர்கள் எல்லோரையும் பிடித்தாக வேண்டும் என்று சட்டமா என்ன?

மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கையும் காலும் இறுக்கம். வாக்கர் பிடித்து நடப்பாள், பேச்சு மெதுவாக வரும். இருபது வயதைத் தாண்டியும் வீட்டுக்கு வருகிறவர்கள் இன்னும் ‘பாப்பா’ என்கிறார்கள், அவளுக்கு எரிச்சலாக வரும். அவள் ஆடுவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. பாட்டின் கடைசி வரியில் மட்டும் நாற்காலியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, தானாக நிற்க வேண்டும். அந்த முடிவை அவளே சேர்த்துக்கொண்டாள். அதற்காக எங்கள் ஹாலில் எத்தனை தடவை விழுந்திருப்பாள் என்று கீழ்வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். முட்டியெல்லாம் சிராய்ப்பு.

சனிக்கிழமை வகுப்பில் மிஸ் அந்த முடிவைப் பார்த்ததே இல்லை. பாதிப் பாட்டில் போன் வரும், இல்லாவிட்டால் அடுத்த பேட்ச் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். “சூப்பர்டா கண்ணு” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். இவளோ அந்தத் தட்டலை வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறு எரியும்.

அவள் கலந்துகொண்ட முதல் விழாவில்தான் அது நடந்தது. எங்கள் பக்கத்து விழாக்களில் சிறப்பு விருந்தினரின் கார் கேட்டுக்குள் நுழைந்தால் மேடையில் எது நடந்தாலும் நின்றுவிட வேண்டும். வரவேற்பு, மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, பேச்சு எல்லாம் முடிந்துதான் மற்றது. அன்றைக்கு அவர் வந்த நேரம் என் மகள் மேடையில் இருந்தாள். கேட்டருகே நின்ற மிஸ் கையை உயர்த்தி ஒரு வெட்டு வெட்டினார். பாட்டு அறுந்தது. நடனம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். இவள் நாற்காலியைப் பிடித்தபடி, இல்லாத பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ இரண்டு தொண்டர்கள் வந்து நாற்காலியில் உட்கார வைத்து அப்படியே தூக்கிக் கீழே இறக்கினார்கள்.

“கிளாப்ஸ் பார்த்தியாடா கண்ணு?” என்றார் மிஸ், போகிற போக்கில்.

“நான் கைய விடவே இல்லையே மிஸ்” என்றாள் இவள். அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மிஸ் அங்கே இல்லை.

அன்றிலிருந்து நான் கறுவிக்கொண்டிருந்தேன். சண்டை போட்டிருக்கலாம். போட்டால் வகுப்பு போய்விடும், வகுப்பு போனால் இவள் உயிரே போனதுபோல் ஆகிவிடுவாள். ஆகவே சிரித்தேன். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். “முறுக்கு பிரமாதம் மேடம்” என்று அவர் கடித்த ஒவ்வொரு கடிக்கும் மனதுக்குள் ஒரு திட்டு போட்டேன்.

அடுத்த விழா நெருங்கியபோது அவரே வந்து மாட்டிக்கொண்டார். நான் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஆண்டு விழாக்களில் ‘வருக வருக’ சொல்லிச் சொல்லித் தொண்டை பழகியவள். “மேடம், நீங்கதானே தமிழ் மிஸ், இந்த வாட்டி காம்பியரிங் நீங்க பண்ணிடுங்களேன். சும்மா பேர் படிச்சா போதும்” என்றார். மைக் என்றால் பேர் படிப்பது மட்டும் என்று நினைத்துவிட்டார் பாவம். பணிவோடு தலையாட்டினேன்.

விழா அன்று மாலை வழக்கம்போலக் களைகட்டியது. நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர்கள் கும்மி அடித்தார்கள். காது கேளாத பிள்ளைகள், பெரிய டிரம் அதிர்வதைக் காலில் வாங்கிக்கொண்டு ஒருவர்கூடத் தாளம் தப்பாமல் ஆடினார்கள். பொத்தேரியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் மேடை உடைகிற மாதிரி குதித்தார்கள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறப்பு விருந்தினர் போன வருடத்தவர்தான். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்த நிலங்களுக்குச் சொந்தக்காரக் குடும்பம், இப்போது கல்யாண மண்டபமும் வாடகைக் கட்டடங்களும். ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசல் என்று தகவல் வந்தது. கல்லூரிப் பிள்ளைகளை “ஒன்ஸ் மோர்” என்று இன்னொரு முறை ஆடவிட்டேன்.

மகளை முன்னாலேயே ஆடவைத்துப் பத்திரமாக இறக்கியிருக்கலாமே என்று பிறகு என் தங்கை கேட்டாள். இருக்கலாம். ஆனால் அதில் என் ஆத்திரம் தீராதே. நான் நினைத்தது நடக்காவிட்டால் இவள் மறுபடியும் பாதியில் நிற்பாள் என்று தெரிந்தேதான் காத்திருந்தேன். அது தப்பு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டது. உடனே மகளின் பெயரை அறிவித்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பாட்டு தொடங்கியது, கார் உள்ளே வந்தது. மிஸ் பட்டுப்புடவையில் ஓடினார். ஆளுயர ரோஜா மாலை ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு விருந்தினரை மேடைக்கு முன்னால் அழைத்து வந்தார். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“நம் அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்கள், மேடையில் ஆடும் கலைஞருக்கு மரியாதை செய்யும் விதமாக, இந்த நடனம் நிறைவடையும் வரை நின்றபடியே கண்டுகளிக்கப் பெருந்தன்மையோடு இசைந்திருக்கிறார்கள். விழாக் குழுவினரும் அவ்வண்ணமே நிற்பார்கள். அதன் பின்னரே மாலை அணிவிக்கப்படும்.”

அந்த மனிதர் எதற்கும் இசையவில்லை. திருதிருவென்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஆனால் நல்ல தமிழில் மைக்கில் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நின்றதும் முன்வரிசை எழுந்தது, பிறகு மைதானமே எழுந்தது.

மிஸ் மாலையோடு மாட்டிக்கொண்டார். ஒருவருக்கென்று கொண்டுவந்த மாலையைத் தரையில் வைக்க முடியாது, வேறு ஆளிடம் தள்ளிவிட முடியாது, போடவும் முடியாது. மேடையைப் பார்த்தபடி அதை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வியர்வையில் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. எனக்கு மனசு குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன் என் பக்கம் குனிந்தார். “இன்னா மேடம், அந்தம்மா கண்ணாலயே கட் பண்ணச் சொல்லிகினு கீறாங்க. இன்னா பண்ணட்டும்?”

“பாட்டு நின்னுச்சு, உங்கள சும்மா விடமாட்டேண்ணா.”

“நமக்கு இன்னா வந்துச்சு, ஓடட்டும்” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

கடைசி வரி வந்தது. அவள் வலது கையை எடுத்தாள். இறுகிய இடது கையை நாற்காலியிலிருந்து பிரித்தெடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பழி, மிஸ், மாலை எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. இரண்டு கைகளும் மேலே போயின, இடது கை பாதிதான் போனது. பாட்டு முடிகிற வரை தானாக நின்றாள். பிறகு நாற்காலியை மறுபடி பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, கீழே ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் மேடையின் ஓரத்தில் இருந்தேன். அவள் பார்த்தது என்னையல்ல.

மாலை போட்டு முடித்ததும் மிஸ் என்னிடம் வந்தார். “என்ன மேடம், இப்படியா அனௌன்ஸ் பண்ணுவீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“பேர் படிச்சேன் மேடம், கூட ரெண்டு வரி சேர்ந்துடுச்சு” என்றேன்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வியர்வையில் முதுகெல்லாம் நனைந்திருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது பேசினாள்.

“அம்மா, மிஸ் எங்கயும் போகல பாத்தியா? கடைசி வரைக்கும் என்னையே பாத்துகிட்டு நின்னாங்க.”

நான் அந்தப் பெண்மணிக்குக் கொடுத்த தண்டனை, இவளுக்கு யாரும் இதுவரை கொடுக்காத பரிசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நியாயமாக எனக்கு மனம் நிறைந்திருக்க வேண்டும். உள்ளே சுர்ரென்று எரிந்தது. ‘வேற வழியில்லாம பாத்தாங்கடி, உங்கம்மா பாக்க வச்சா’ என்று நாக்கு நுனி வரை வந்தது.

“பாத்தாங்கடி” என்று மட்டும் சொன்னேன்.