மாற்றிக் கொடுத்த போர்டில் இருந்த முகம்

பேகம்பூரில் ஒரு சின்ன அறையில் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான்.

சித்திரை வெயிலில் அது சூடேறி அடிக்கடி நின்றுபோனது. ஒருநாள் காலை ஃபேனைக் கழற்றித் தூசி தட்டலாம் என்று கேபினெட்டைத் திறந்தேன். ஃபேனைப் பிடித்திருந்த கம்பிக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். அது வழுக்கி மதர்போர்டைக் கீறிக்கொண்டு போனது. விரல் நீளத்துக்குக் கீறல். பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்பு தெரிந்தது. அதன்பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை.

வாரண்டி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஆனால் அடிபட்ட போர்டுக்கு வாரண்டி செல்லாது என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். வெகுநேரம் யோசித்தேன். பிறகு பச்சை ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, கீறல் முழுக்க நிதானமாகத் தீட்டினேன்.

பழனி ரோட்டில் ஒரு மாடியில் சர்வீஸ் சென்டர். அங்கே ஒருவர்தான் இருந்தார், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். தானாகவே நின்றுவிட்டது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாரே தவிர எதுவும் கேட்கவில்லை. மாற்றுப் போர்டு வர மூன்று வாரமாவது ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவரோ உள்ளே போய், வெள்ளிநிற உறையில் ஒன்றை எடுத்து வந்து உடனே என் கையில் கொடுத்தார்.

கடைக்கு வந்து மாட்டி, சுவிட்சைப் போட்டேன். வழக்கமாகக் கம்பெனியின் சின்னம் வரும் இடத்தில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. நாற்பது வயதிருக்கும். சில நிறங்களே கொண்ட, புள்ளி புள்ளியான படம். நேராக என்னைப் பார்த்தாள். ஐந்து விநாடியில் மறைந்து, என் கம்ப்யூட்டர் வழக்கம்போல் ஓடத் தொடங்கியது.

என் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியொரு படம் கிடையாது. சந்தேகத்துக்கு ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். அப்போதும் முகம் வந்தது; அது போர்டிலேயேதான் இருந்தது. படத்தின் ஓரத்தில் வேறு யாருடையதோ தோள் பாதியில் வெட்டுப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். குடும்பப் படத்திலிருந்து ஒருவரை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அப்படித்தான் வரும். அஞ்சலி போஸ்டருக்கு நான் தினமும் செய்கிற வேலை அது.

நான்காம் நாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மூணு பேரு இதத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. போர்டுல கோளாறு ஒண்ணுமில்லீங்க. அதுல இருக்கிற சிப்ப அழிச்சு எழுதிப் பாத்தேன். படம் போக மாட்டேங்குது."

அவள் யார் என்று கேட்டேன். எங்கெங்கோ பழுது பார்த்து வருகிற போர்டுகள், யாருடையது எந்த ஊருடையது என்று தெரியாது என்றார்.

"அப்ப எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

அவர் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். "அன்னைக்கு உங்க போர்டத் தொட்டதும் பச்சை மை கையில ஒட்டுச்சுங்க. நீங்க வந்து சண்டை போட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

படி இறங்கி வந்துவிட்டேன்.

அதன்பிறகு காலையில் மானிட்டரைப் போடாமல் முதலில் கம்ப்யூட்டரை மட்டும் போடுவேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் திரை. இப்படியே இரண்டு மாதம் போனது.

ஒரு நண்பகல், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து நடுவயதுப் பெண் ஒருவர், இறந்துபோன தன் தாயின் படத்தோடு வந்தார். போஸ்டருக்கு வாசகம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்ததும், மானிட்டர் போட்டபடி இருந்ததை மறந்து கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டேன். முகம் வந்தது. ஐந்து விநாடி ஆனது, ஒரு நிமிடம் ஆனது. அன்றைக்கு அது போகவில்லை.

"அப்பு, இவுக யாரு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

தெரியாது என்றேன்.

"ஊரு பேருகூடவா தெரியாது?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் மேசையிலிருந்த தாயின் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"எங்கம்மா படத்த இதுக்குள்ள ஏத்தாத. நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்."

அவர் போனபின் பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கே போர்டைக் கழற்றிவிட்டு, வேறொன்று வாங்கி மாட்டினேன். பழைய சாமான் எடுப்பவர் வந்து கேட்டார். என்னிடம் தள்ளிவிட்டதுபோல நான் இன்னொருவரிடம் தள்ளிவிட மனம் வரவில்லை. குப்பையில் போடவும் முடியவில்லை. அதில் ஒரு முகம் இருக்கிறதே. கடையைக் காலி செய்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் மேல் வைத்தேன். பழுதான சாமான் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாள். நான் தூசி தட்டி, அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.