பனிக்கடலில் இடித்த இடி

என் மாமாவுக்குக் கூடிவந்த கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நல்ல மனுஷர்கள், பாவம். பெரியவளான பிறகு நானே யோசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா சரக்குக் கப்பலில் ஒயர்லெஸ் ஆபீசர். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து ஒரு மாதம் எங்களோடு இருப்பார். அந்த ஒரு மாதமும் எனக்குத் தலைகால் புரியாது. மற்றப் பெண்களின் மாமாக்கள் பாங்கியிலும் தாலுகா ஆபீசிலும் உட்கார்ந்திருக்க, என் மாமா உலகத்தின் உச்சந்தலை வரைக்கும் போய்விட்டு வந்தவர் அல்லவா!

அந்த வருஷம் அவர் கொண்டுவந்த கதை மற்ற எல்லாக் கதைகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எனக்கு இடி என்றால் உயிரே போய்விடும். வானம் கறுத்தாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு “அர்ஜுனா, அர்ஜுனா” என்று ஆரம்பித்துவிடுவேன். இடி இடித்தால் எங்களில் பெரியவர்களும் சொல்வதுதான். அந்தப் பெயரைக் கேட்டால் இடி விலகிப்போய்விடுமாம். ஒருநாள் மாமா கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, வடக்கே பனிக்கடல் பக்கம் உன்னைக் குடிவைத்துவிடுகிறேன், அங்கே இடியே கிடையாது என்றார். நம் ஊர்க் கடலில் எங்கே மின்னல் வெட்டினாலும் கப்பல் ரேடியோ கரகரக்கும், வடக்கே போகப்போக அந்தக் கரகரப்பு அடங்கிக்கொண்டே வரும் என்றார். ஒரே ஒரு நாள் மட்டும் அடங்கவில்லையாம்.

அங்கே அப்போது கோடை. ராத்திரியிலும் சூரியன் மறையாது. கப்பலைச் சுற்றிப் பனிப்பாளங்கள் மிதந்துகொண்டிருக்க, மாமா காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் திடீரென்று கரகரவென்று சத்தம். இது நம் மெட்ராஸ் மழைச் சத்தம் ஆயிற்றே என்று வெளியே வந்து பார்த்தால் வானம் கறுத்திருக்கிறது. இடி வரப்போகிறது என்று மாமா சொன்னதும், வழிகாட்டுவதற்காகக் கப்பலில் ஏறியிருந்த உள்ளூர்க் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். இடியைக் காதால் கேட்டதே இல்லை. சிரித்து முடிப்பதற்குள் பனிமேல் ஒரு மின்னல், பின்னாலேயே இடி. கிழவர் பனி பிளந்துவிட்டது என்று கீழே எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் கப்பலில் என்னவோ வெடித்துவிட்டது என்று ஓடினார்கள். மாமா மட்டும் நின்ற இடத்தில் கையைக் கூப்பி “அர்ஜுனா, அர்ஜுனா” என்றாராம். அர்ஜுனனை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போன ஆள் என் மாமாதான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் வேறு யாரும் நம்பவில்லை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நன்னா அளக்கறான்” என்றார். அம்மாவுக்கு இருந்த கவலை வேறு. கப்பலில் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நாலு இடம் தட்டிப்போய், ஐந்தாவதாகத் தி. நகரில் ஓர் இடம் கூடிவந்திருந்தது. ஜாதகம் பேஷாகப் பொருந்தியிருந்தது. அந்தப் பெண்ணின் போட்டோவை மாமா ஷேவிங் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, ஷேவ் செய்துகொள்ளவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பெண்ணின் அப்பா ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார், ரொம்பக் கறார். அங்கே போய்ப் பனி, இடி என்று வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என்னிடம் வாங்க அவளுக்குத் தோன்றவில்லை.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால்தான் என்னையே கூட்டிப்போனார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. பெண் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு, ஜமக்காளத்தின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்தாள். கோடைமழைக்கு மேகம் கட்டியிருந்தது போலிருக்கிறது, கூடம் திடீரென்று இருட்டி, படீரென்று ஓர் இடி. அந்த வீட்டார், எங்கள் வீட்டார் எல்லோரும் ஒரே குரலாக “அர்ஜுனா, அர்ஜுனா” என்றார்கள். அதற்கு மேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

“எங்க மாமா பனிக்கடல்லயே அர்ஜுனா சொல்லியிருக்கார், தெரியுமா?” என்றேன். அம்மா தொடையில் கிள்ளக் கிள்ள, கிழவர் எட்டிப் பார்த்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

சயன்ஸ் வாத்தியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சூடான ஈரக்காற்று மேலே எழும்பினால்தான் இடி உண்டாகும், உறைந்த கடலில் சூட்டுக்கு எங்கே போவது என்று வகுப்பில் நடத்துவதுபோல் விளக்கினார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “நெஜமாவே இடிச்சுதா, இல்ல கொழந்தைக்குச் சொன்ன கதையா?” என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டு, கதைதான், இவனுக்குக் குழந்தைகள் என்றால் அப்படி ஒரு பிரியம் என்று சிரித்து வைத்தாள். மாமா லேசாகத் தலையை ஆட்டியிருந்தால் போதும், கல்யாணம் நடந்திருக்கும். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு, வாயில் பஜ்ஜியோடு காத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“கதை இல்லை. இடிச்சுது. நான் கேட்டேன்” என்றார்.

அந்தப் பெண் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன். அந்த ஒன்றில் நான் தப்பாக நினைக்கவில்லை என்றே இன்றும் தோன்றுகிறது.

ஒரு வாரத்தில் கார்டு வந்தது. இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஜாதகம் பொருந்தவில்லையாம். அடுத்த லீவுக்கு மாமா வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மாமா கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், வடதுருவத்துக்குப் பக்கத்தில் மின்னல் வெட்டியிருக்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். எடுத்துப்போய்க் காட்ட மாமா இல்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அதெல்லாம் பிற்பாடு. அன்று அந்த வீட்டிலிருந்து இறங்கி, பனகல் பார்க் பக்கம் பஸ்ஸுக்கு நடந்தோம். அம்மா அப்பாவிடம் என்னவோ புலம்பிக்கொண்டே முன்னால் போனாள். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிக் குதித்து வந்தேன். நீ சொன்னதும் எல்லோரும் எப்படி வாயடைத்துப் போனார்கள், பார்த்தாயா என்று கேட்டேன். மாமா “ம்” என்றார்.

அப்போது தலைக்கு நேராக ஓர் இடி இடித்தது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்குப் பயம் வரவில்லை. ஆனால் மாமா நின்று, நாங்கள் இறங்கி வந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடடா, மாமாவுக்கும் இடி என்றால் பயம்தான், திரும்பி ஓடப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதே மாமா, நான் இருக்கேனோல்லியோ?” என்றேன்.