மெழுகுக்குள் ஒரு துண்டு

என் புராஸ்டேட் சுரப்பியைச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். எடுத்ததைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அதில் கொஞ்சம் சீவி மும்பைக்கு அனுப்பினால், புற்றுநோய் திரும்ப வருமா வராதா என்பதைக் கட்டியின் மரபணுக்களே சொல்லிவிடும் என்றார் டாக்டர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியே காலம் தள்ளிய நான் இதுவரை விமானம் ஏறியதில்லை. என் துண்டு ஏறிவிட்டது.

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். என் மனைவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் பிறந்த ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்தாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நல்லது.

"வெள்ளைதானுங்க வந்துச்சு. திரும்ப வராதுங்க," என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

மும்பையிலிருந்து வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது. திரும்ப வர வாய்ப்பு அதிகம், காத்திருக்காமல் ரேடியேஷன் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி மட்டும் அசரவில்லை. "இன்னொருக்கா போட்டுப் பாருங்க சார்."

"எத்தனை தடவை பார்த்தாலும் இதேதாம்மா வரும்."

"இல்லீங்க. மாறுமுங்க," என்றாள், அவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பதுபோல. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், டாக்டரிடம் இப்படியா பேசுவது என்று எரிந்து விழுந்தேன். மல்லூர் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல செகப்புதானுங்க வந்துச்சு. மறுக்காவும் செகப்பு. நேரமாச்சு, ஊட்டுக்குப் போகோணும்னாரு பூசாரி, நான் உடலீங்க. வெள்ளை வர்ற வரைக்கும் போடச் சொன்னனுங்க."

அந்தச் சிவப்பைத் தனக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் எனக்குச் சிரித்த முகமாக இட்லி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆத்தாளே மனசு மாறுனாளுங்க," என்றாள். "மெழுகு மாறாதுங்களா?"

மாறாது என்று எனக்குத் தெரியும்.

"மாறும்," என்றேன்.